கென்யக் கிராமப் பள்ளிக்கு ஒரு பஸ்: வசூலுக்கு முன் போட வேண்டிய கணக்கு

கென்யாவில் ஒரு கிராமப் பள்ளி வளர்ந்துவிட்டது என்பதற்கு ஊரார் பார்க்கும் அடையாளம், பக்கவாட்டில் பள்ளியின் பெயர் எழுதிய மஞ்சள் பஸ். அதற்காக ஊர் கூடி ஹராம்பே என்னும் பொது நன்கொடைக் கூட்டம் நடத்தும், தேவாலயத்தில் அறிவிப்பு வரும், எம்.பி.யிடம் மனு போகும். ஒருவழியாக பஸ்ஸும் வந்து சேரும். மூன்றாம் வருடம் அதே பஸ் டயர் இறங்கி, பேட்டரி கழற்றப்பட்டு மைதானத்து ஓரத்தில் நிற்கும். வாங்கும் பணத்தை மட்டும் திரட்டி, ஓட்டும் பணத்தைத் திரட்டாமல் விட்ட பள்ளிகளில் இதுதான் நடக்கிறது. இப்படி ஒரு பள்ளிக்கு உதவ நினைப்பவர்களும் அதன் நிர்வாகக் குழுவில் இருப்பவர்களும் முதலில் போட வேண்டிய கணக்கை இங்கே எழுதுகிறேன்.

பிள்ளைகள் எண்ணிக்கை கூடியதற்குக் காரணம் தெரிந்ததுதான். 2003ல் தொடக்கக் கல்வி இலவசமானது. 2008ல் உயர்நிலைப் பள்ளிகளின் கல்விக் கட்டணத்தையும் அரசு ஏற்றது. அதன்பின், தொடக்கப் பள்ளி முடித்த ஒவ்வொரு பிள்ளையும் மேலே படிக்க வேண்டும் என்ற கொள்கை வந்தது. 2023ல் ஜூனியர் உயர்நிலை வகுப்புகள் தொடக்கப் பள்ளி வளாகங்களுக்குள்ளேயே தொடங்கின. வகுப்பறை கட்ட எங்கிருந்தாவது பணம் வருகிறது. பிள்ளை வீட்டுக்கும் வகுப்பறைக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் யாருடைய பட்ஜெட்டிலும் இல்லை. பகல்நேர உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவருக்கு அரசு நிர்ணயித்த மானியம் ஆண்டுக்கு 22,244 ஷில்லிங். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

வசூலுக்கு முன்னால் பதிவேடு. மாணவர் பட்டியலை வகுப்புவாரியாக வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது; ஊர்வாரியாகப் பிரித்து எழுத வேண்டும். "உன் வீடு எவ்வளவு தூரம்?" என்று பிள்ளையிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. எத்தனை மணிக்குக் கிளம்பினாய், எந்த ஓடையைத் தாண்டினாய், யாரோடு வந்தாய் என்று கேட்டால் கிடைக்கும். ஒரு போடா போடாவை (மோட்டார் சைக்கிள் டாக்ஸியை) அரை நாள் வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு சந்திப்பிலும் மீட்டரைப் பார்த்து கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மூடிக்கொள்ளும் பாதை எது என்பதையும் அப்போதே அந்த ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள். இரண்டு வாரத்துக்குத் தாமதமாக வந்தவர்கள், வராதவர்கள் பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யாருக்கு வாகனம் தேவை என்பது ஊகமாக இல்லாமல் பெயர்களாகத் தெரியும். நன்கொடையாளர் கேட்கும் முதல் கேள்விக்கும் இந்தத் தாள்தான் பதில்.

இனி பஸ். கென்யப் பள்ளிகளில் அதிகம் காணப்படுவது இசுசு என்.கியூ.ஆர். சேஸிஸில் உள்ளூரில் பாடி கட்டிய 33 இருக்கை வண்டி. கணக்குக்காக விலையை 65 லட்சம் ஷில்லிங் என்று வைக்கிறேன். கீழே வரும் தொகைகளும் அப்படியே. உங்கள் ஊர் விலைப்புள்ளிகளை வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கின் போக்கு மாறாது.

பள்ளிக்குக் கிழக்கே 14 கிலோமீட்டர், மேற்கே 14 கிலோமீட்டர் என இரண்டு வழித்தடம். பஸ் இரவில் பள்ளியில் நின்றால், காலையில் காலியாகக் கிழக்கே போய், பிள்ளைகளோடு திரும்பி, மறுபடி காலியாக மேற்கே போய்த் திரும்ப வேண்டும். காலையில் 56, மாலையில் 56, ஆக ஒரு நாளைக்கு 112 கிலோமீட்டர். அதே பஸ் இரவில் கிழக்குக் கோடியில், மதில் சுவரும் காவலும் உள்ள ஒரு தேவாலய வளாகத்திலோ காவல் நிலையத்திலோ நின்று, ஓட்டுநரும் அந்தப் பக்கத்துக்காரராக இருந்தால், முதல் நடையும் கடைசி நடையும் காலியாக ஓடாது. 84 கிலோமீட்டர்தான். வருடத்துக்கு 180 பள்ளி நாள், சரளைச் சாலையில் லிட்டருக்கு 5 கிலோமீட்டர், டீசல் 170 ஷில்லிங் என்று போட்டால், முதல் முறையில் டீசலுக்கு 6,85,000, இரண்டாவது முறையில் 5,14,000. வண்டி எங்கே தூங்குகிறது என்ற ஒரே முடிவில் வருடத்துக்கு 1,71,000 ஷில்லிங் மிச்சம். பஸ் வாங்கிய பள்ளிகள் அதைத் தலைமையாசிரியர் கண்ணெதிரே நிறுத்தத்தான் விரும்புகின்றன. அந்த விருப்பத்தின் விலை இது.

மற்ற செலவுகள்: ஓட்டுநர் மாதம் 25,000, உதவியாளர் 15,000, பன்னிரண்டு மாதத்துக்கு 4,80,000, பள்ளி கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புப் பங்களிப்புகளுக்கு 30,000. காப்பீடு 3,10,000. டயர் ஆறு, இரண்டு வருடத்துக்கு ஒரு செட், வருடக் கணக்கில் 75,000. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில், ஃபில்டர் மாற்ற 80,000. பழுதுக்கு 1,20,000. வாகனச் சோதனை, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி போன்றவற்றுக்கு 20,000. இரண்டாவது முறையின் டீசலையும் சேர்த்தால் 16,29,000 ஷில்லிங். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அடுத்த வண்டி வாங்க ஒதுக்க வேண்டியது இதில் இல்லை.

ஒரு நடைக்கு 32 பிள்ளைகள், இரண்டு வழித்தடத்துக்கு 64. ஆளுக்கு 25,450 ஷில்லிங். அந்தப் பிள்ளை படிப்பதற்காக அரசு ஆண்டு முழுவதற்கும் நிர்ணயித்த 22,244ஐ விட, பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதற்கு ஆகும் செலவு அதிகம். பள்ளியில் 420 பேர் இருந்தால், 64 பேருக்காக மற்ற 356 பேரின் பெற்றோரும் ஹராம்பேயில் பணம் போடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு பள்ளித் தவணைக்கு (பருவத்துக்கு) 4,000 கேட்டால், மூன்று தவணைக்கு 7,68,000. எல்லோரும் கட்டமாட்டார்கள், எண்பது சதவீதம் வந்தால் 6,14,000. மீதி சுமார் 10 லட்சம். இதுதான் நீங்கள் வருடா வருடம் திரட்ட வேண்டிய தொகை. ஐந்து வருடத்துக்கு 50 லட்சம், கிட்டத்தட்ட முக்கால் பஸ்ஸின் விலை. ஹராம்பே வசூல் அட்டையில் 65 லட்சம் என்று மட்டும் அச்சடிப்பது ஊருக்குப் பாதி உண்மையைச் சொல்வதுதான். முதல் வருடத்து இடைவெளித் தொகை வங்கியில் தனிக் கணக்கில் இருந்தால் மட்டுமே பஸ்ஸுக்கு ஆர்டர் கொடுப்பது என்று நிர்வாகக் குழு தீர்மானம் போட்டுக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில் சைக்கிளைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் 4 முதல் 9 கிலோமீட்டர் தூரத்துக்கு அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் அமைப்பு ஆப்பிரிக்கச் சாலைகளுக்காகவே வடிவமைத்த பஃபலோ சைக்கிளை கென்யாவில் கிசுமுவில் பூட்டுகிறார்கள். பின் கேரியர் 100 கிலோ தாங்கும். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக். அறுந்துபோகக் கேபிள் இல்லை. விலையைச் சுமார் 165 டாலர், அதாவது 21,500 ஷில்லிங் என்று வைக்கிறேன். 64 பிள்ளைகளுக்கும் வாங்கினால் 13,76,000. பஸ்ஸை ஒரு வருடம் ஓட்டும் பணத்தில் எல்லோருக்கும் சைக்கிளும் கொடுத்து, உதிரி பாகமும் வாங்கிவிடலாம். ஜாம்பியாவின் தென் மாகாணத்தில் பள்ளியிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வசித்த மாணவிகளுக்கு இந்தச் சைக்கிளைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். பயண நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, பள்ளிக்கு வராத நாட்கள் 28 சதவீதம் குறைந்தன. பீகார் அரசின் மாணவியர் சைக்கிள் திட்டத்தை ஆராய்ந்த இருவரில் ஒருவரான பொருளாதார அறிஞர் நிஷித் பிரகாஷ்தான் இந்த ஆய்விலும் இருந்தார்.

சைக்கிள் திட்டம் எங்கே உடைகிறது என்றால், வீட்டில். சந்தைக்கும் கரி மூட்டை ஏற்றவும் அப்பா எடுத்துப் போய்விடுவார். ஆகவே சைக்கிள் இரண்டு வருடத்துக்குப் பள்ளியின் சொத்து, ஒழுங்காக வந்து படித்தால் அதன்பின் பிள்ளையின் சொத்து என்று பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் வேண்டும். அதைக் கண்காணிக்க ஊரில் ஐந்தாறு பேர் கொண்ட குழு வேண்டும். பள்ளிப் பாதையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவருக்குப் பயிற்சியும் கருவிப் பெட்டியும் கொடுத்து, ட்யூப், டயர், ஆரக்கம்பி, பெடல் ஆகியவற்றை அவரிடம் இருப்பு வைக்க வேண்டும். வேலமுள் குத்தி ட்யூப் போனால், எட்டு மைல் தள்ளி நகரத்தில்தான் மாற்று கிடைக்கும் என்றால் அந்தச் சைக்கிள் அன்றோடு சுவரில் சாய்ந்துவிடும்.

பத்து கிலோமீட்டருக்கு மேல் இருப்பவர்கள், சின்னப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள், லாரி பறக்கும் நெடுஞ்சாலை ஓரமாக வர வேண்டியவர்கள் ஆகியோருக்கு வாகனம் தேவைதான். அங்கேயும் வாங்குவதற்கு முன் ஒரு தவணை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். மட்டாட்டு (தனியார் மினிபஸ்) கூட்டுறவுச் சங்கத்தோடு எழுத்து ஒப்பந்தம் போட்டு, காலை ஒரு நடை, மாலை ஒரு நடை. உண்மையில் எத்தனை பெற்றோர் கட்டுகிறார்கள் என்பது ஒரே தவணையில் தெரிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பின்னும் பஸ்தான் என்றால், பணம் எங்கிருந்து வரும்? முதலில் பெற்றோர். பொதுப் பள்ளி என்றால் 2013ஆம் ஆண்டின் அடிப்படைக் கல்விச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: கூடுதல் கட்டணம் வசூலிக்கக் கல்வி அமைச்சரின் ஒப்புதல் வேண்டும், அதுவும் மாவட்டக் கல்வி வாரியத்தைக் கலந்தபின். கட்டாத காரணத்துக்காக எந்தப் பிள்ளையையும் பள்ளிக்கு வரக் கூடாது என்று தடுக்க முடியாது. வாங்கும் பணத்துக்கு ரசீது கட்டாயம். பெற்றோர் கூட்டத்தில் கைதூக்கி நிறைவேற்றிய தீர்மானம் இதற்கு ஈடாகாது. ஒரேயொரு பெற்றோர் புகார் கொடுத்தால் போதும், வசூல் முழுவதும் நின்றுவிடும்.

பணம் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையில்தான் வரும். பொருளாளரின் சொந்த எண்ணுக்கு ஒரு ஷில்லிங்கூட வாங்காதீர்கள். பள்ளியின் வங்கிக் கணக்கோடு இணைந்த பே-பில் எண் (எம்-பெசாவில் நிறுவனங்கள் பணம் வாங்கும் எண்) எடுத்து, கணக்கு எண் கேட்கும் கட்டத்தில் பிள்ளையின் அட்மிஷன் எண்ணோடு பி என்ற எழுத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். பயணப் பணமும் மதிய உணவுப் பணமும் ஒரே குவியலாக விழுந்தால், பின்னால் பிரிப்பதற்கு யாருக்கும் பொறுமை இருக்காது.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். ஜனவரியில் புது வகுப்பு, சீருடை, கட்டணம் எல்லாம் ஒன்றாக வரும். அப்போது ஹராம்பே வைத்தால் கூடாரச் செலவுகூடத் திரும்பாது. கெரிச்சோ, முராங்கா, கிசி போன்ற தேயிலைப் பகுதிகளில் சிறு விவசாயிகளுக்கு ஆண்டு போனஸ் அக்டோபரில் வரும், அப்போது கேளுங்கள். மக்காச்சோளப் பகுதிகளில் அறுவடை முடிந்து விற்ற மாதத்தில் கேளுங்கள்.

ஹராம்பேயைப் பற்றி இன்னும் கொஞ்சம். அட்டைகளுக்கு வரிசை எண் போட்டு, யார் எந்த எண்ணை வாங்கினார் என்று கையெழுத்து வாங்குங்கள். காலியாக இருந்தாலும் அட்டை திரும்பி வர வேண்டும். திரும்பாத அட்டையில்தான் பணம் மறையும். அன்றைய கூட்டத்தில் ஏலம் நன்றாகப் போகும். ஒரு ஆட்டை ஒருவர் 8,000க்கு எடுத்து, மறுபடி பள்ளிக்கே கொடுத்துவிடுவார். அதே ஆடு மேடைக்கு மூன்று முறை ஏறும். ஒரு வாழைத்தார், ஒரு கோழி, யாரோ ஒரு பாட்டி கொண்டுவந்த ஒரு கூடை முட்டைகூடச் சந்தை விலையைப் போல் பல மடங்கு கொண்டுவரும். பணம் இல்லாதவருக்கும் கொடுத்தவர் என்ற கௌரவத்தைத் தருவதால் இந்த ஏலத்தை நான் மிகவும் மதிக்கிறேன். கவனிக்க வேண்டியது வாக்குறுதிகளை. மைக்கில் சொன்ன தொகையை ரொக்கமாகும்வரை மொத்தத்தில் சேர்க்காதீர்கள். மூன்று பத்தியாக எழுதுங்கள், கையில் வந்தது, எம்-பெசாவில் வந்தது, சொன்னது. பெரிய தொகையோடு வரும் அரசியல்வாதியை நம்பித் திட்டம் போடுவதும் இப்போது சரிவராது. அரசு அதிகாரிகளும் ஊழியர்களும் ஹராம்பேக்களில் பங்கேற்கக் கூடாது என்று 2024 ஜூலையில் அதிபர் ரூட்டோ அறிவித்தார்.

தொகுதி மேம்பாட்டு நிதியான என்ஜி-சிடிஎஃப் மூலம் நிறையப் பள்ளிகள் பஸ் வாங்கியிருக்கின்றன. வட்டார அளவிலான மக்கள் கூட்டத்தில் உங்கள் கோரிக்கை பதிவாக வேண்டும்; அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றால் அந்த வருடப் பட்டியல் மூடிவிடும். பஸ் கொடுப்பார்கள், டீசல் கொடுக்கமாட்டார்கள். மாவட்ட அரசிடம் போவதில் பயன் குறைவு, அரசியலமைப்புப்படி முன்பருவப் பள்ளிதான் அவர்கள் பொறுப்பு.

வங்கிக் கடனுக்கும் ஒரு கணக்கு. 65 லட்சத்தில் 30 சதவீதத்தைக் கையிலிருந்து போட்டு, மீதி 45,50,000ஐ 17 சதவீத வட்டியில் நான்கு வருடத்துக்கு எடுத்தால் மாதம் சுமார் 1,31,000 ஷில்லிங். வருடத்துக்கு 15,75,000; வருடச் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. பெற்றோர் பணம் தவணைக்கு ஒருமுறை வரும்; வங்கி ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறையிலும் கேட்கும். கடன்தான் வழி என்றால், பள்ளித் தவணையோடு ஒத்துப்போகும் திருப்பிச் செலுத்தும் அட்டவணையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பொதுப் பள்ளிகள் அதற்கு முன் கல்வி அலுவலகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து உதவ வருபவர்கள் பஸ் வாங்கிக் கொடுக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். அதைப் படம் எடுக்கலாம். அவர்களிடம் ஐந்து வருடக் காப்பீடும் ஓட்டுநர் சம்பளமும் கேளுங்கள். மாதம் இவ்வளவு என்று ஒரு பிள்ளையின் இருக்கையை ஏற்கச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். இங்கிலாந்தில் வருமான வரி கட்டுபவர், அங்கே பதிவான அறக்கட்டளை வழியாக நூறு பவுண்டு கொடுத்தால், கிஃப்ட் எய்டு முறையில் அரசிடமிருந்து இன்னொரு 25 பவுண்டு சேரும். அவர்கள் ஊரில் ஓடிய பழைய பஸ்ஸைக் கப்பலில் அனுப்புகிறோம் என்று சொன்னால் மட்டும் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். முதல் பதிவிலிருந்து எட்டு வருடத்தைத் தாண்டிய வண்டியை கென்யா உள்ளே விடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். வரிவிலக்கு ஆணை கையில் இல்லாமல் மொம்பாசாவில் வண்டி இறங்கினால், துறைமுக வாடகை நாள்தோறும் ஏறும். தப்பி வந்தாலும், அந்த மாடலுக்குப் பிரேக் பேட் அருகில் எங்கும் கிடைக்காது. இசுசுவை எல்லோரும் வாங்குவதற்குக் காரணமே, சின்ன ஊர்க் கடையிலும் அதன் பாகம் தொங்கும் என்பதுதான்.

பாடி கட்டும் இடத்துக்கு, தகடு அடித்துப் பெயின்ட் பூசுவதற்கு முன் ஒருமுறை போய்ப் பாருங்கள். அடிச்சட்டத்தில் துருத்தடுப்பு பூசியிருக்கிறதா, இருக்கைகள் சட்டத்தோடு போல்ட் போட்டிருக்கின்றனவா, வெறும் தகட்டிலா, அவசர வழி உள்ளிருந்து திறக்கிறதா. பெயின்ட் அடித்தபின் இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

ஓட ஆரம்பித்ததும் பணம் கசியும் இடம் டீசல் டேங்க். ஒரே பங்க்கில், கையெழுத்திட்ட சீட்டில் மட்டும் நிரப்புங்கள். ஒவ்வொரு முறையும் கழுத்துவரை நிரப்பி மீட்டரைக் குறித்தால், இரண்டு நிரப்பலுக்கு நடுவில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தெரியும். 5 என்று ஓடிய வண்டி திடீரென்று 4க்கு இறங்கினால் டீசல் வெளியே போகிறது, அல்லது ஏர் ஃபில்டரில் செம்மண் அடைத்திருக்கிறது. இரண்டையும் அன்றே பாருங்கள். வறண்ட மாதங்களில் ஃபில்டரைக் கையேட்டில் சொன்னதைவிட அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். சலவைப் பலகை மாதிரி வரிவரியான சாலையில் ஓடும் அதிர்வில் சக்கர நட்டும் லீஃப் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் யூ போல்ட்டும் தளரும். வாரம் ஒருமுறை ஸ்பேனர் வைக்காவிட்டால், தளர்ந்த போல்ட்டில் பட்டை நகர்ந்து முறியும். 33 இருக்கையில் 60 பிள்ளைகளை ஏற்றினாலும் இதே முடிவுதான், அதற்கு முன் வேறு பெரிய ஆபத்து இருக்கிறது.

சனிக்கிழமை இறுதிச் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் பஸ்ஸை வாடகைக்கு விட்டு இடைவெளியை நிரப்பலாம் என்று எல்லாக் குழுவிலும் ஒருவர் சொல்வார். பள்ளி வாகனத்துக்கான காப்பீடு வாடகைப் பயணத்தை ஏற்காது. பயணிகள் வாகனத்துக்கான உரிமமும் அந்த வண்டிக்கு இருக்காது. வழியில் விபத்து என்றால் இழப்பீடு முழுவதும் பள்ளியின் தலையில் விழும். ஆகவே வருமானப் பட்டியலில் அந்த வரியை எழுதாதீர்கள்.

மார்ச் முதல் மே வரையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் மழை. நனைந்த கரிசல் மண் பாதையில் பஸ் நகராது, இழுக்க டிராக்டர் வந்தால் ஒரு வாரத்து டீசல் காசு போய்விடும். அந்த மாதங்களுக்குத் தனி நிறுத்தப் பட்டியல் போட்டு, சரளைச் சாலையை விட்டு பஸ் இறங்காது, பிள்ளைகள் சந்திப்புவரை நடந்து வர வேண்டும் என்று பெற்றோருக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். இரண்டாம் தவணை முடிவில் பயணக் கணக்கில் மூன்றாம் தவணைக்கான டீசலும் சம்பளமும் இல்லையென்றால், ஆள் குறைந்த வழித்தடத்தை அப்போதே நிறுத்தி, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கேட்டு விண்ணப்பம் போடுங்கள்.